யுனிவர்சிட்டி வேலை இல்லாம சமூக அறிவியல் ஆராய்ச்சி பண்றவங்க கிராண்ட் வாங்குறது எப்படி

யுனிவர்சிட்டில வேலை இல்ல, ஆனா கையில ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்வி இருக்கு, அது பொருளாதாரத்துக்குள்ள மட்டும் அடங்காது, மானிடவியலும் வேணும் வரலாறும் வேணும், இதுக்கு யார்கிட்ட போய் பணம் கேக்கறதுன்னு தெரியல. இப்படி இருக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். பிஎச்டி முடிச்சும் போஸ்ட் கிடைக்காதவங்க, கிடைச்ச போஸ்ட்ட விட்டுட்டு வந்தவங்க, என்ஜிஓல வேலை பாத்துக்கிட்டே ராத்திரில ஃபீல்ட் நோட்ஸ் எழுதறவங்கன்னு இந்தக் கூட்டம் நாம நினைக்கறதவிட பெருசு. இவங்க எடுத்துக்கற கேள்விகள் பல நேரம் எந்த டிபார்ட்மென்ட்டும் தொடாத கேள்விகள், அதனாலயே இவங்க கைக்குப் பணம் போய்ச் சேரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

கிராண்ட் தேட ஆரம்பிச்சா எல்லாரும் முதல்ல தொகையத்தான் பாப்பாங்க, அப்புறம் தலைப்பு நமக்குப் பொருந்துதான்னு பாப்பாங்க. நீங்க அதுக்கெல்லாம் முன்னாடி பாக்க வேண்டியது அந்தப் பணம் யாரோட அக்கவுண்ட்டுக்கு வருங்கறதத்தான். உங்க பேருக்கே நேரா வருமா, இல்ல ஒரு நிறுவனத்தோட கணக்குக்குப் போய் அவங்க வழியா உங்களுக்கு வருமா? அறிவிப்புல தகுதிங்கற பகுதில இது எழுதியிருப்பாங்க, பெரும்பாலும் நாலாவது அஞ்சாவது வரில சின்னதா இருக்கும். அங்க தகுதியுள்ள நிறுவனம் மூலமாதான் விண்ணப்பிக்கணும்னு இருந்தா, உங்க ஐடியா எவ்வளவு நல்லா இருந்தாலும் நீங்க தனியா அனுப்பறத யாரும் திறந்துகூட பாக்க மாட்டாங்க. இத முதல்லயே பாக்காம மூணு வாரம் ப்ரொபோசல் எழுதிட்டு கடைசில ஆன்லைன் ஃபார்ம்ல நிறுவனத்தோட பேர் கேக்கற இடத்துல வந்து மாட்டிக்கறவங்க நிறைய பேர். அதனால ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, கண்ணுல படற ஒவ்வொரு கிராண்டுக்கும் பணம் யாரு பேருக்கு, பிஎச்டி கட்டாயமா, எந்த நாட்டுக்காரங்க அப்ளை பண்ணலாம், நம்ம சாப்பாட்டுச் செலவுக்குக் காசு தருமா, இந்த நாலு விஷயத்தையும் முதல்ல எழுதி வச்சிடுங்க. பாதி கிராண்ட் இதுலயே கழிஞ்சு போயிடும், மிச்சம் இருக்கறதுக்கு மட்டும் நேரம் செலவு பண்ணலாம்.

தனி ஆளுக்கு நேரா பணம் தர்ற இடங்கள் கம்மிதான், ஆனா இருக்கு. மானிடவியல் பக்கம் சாஞ்ச வேலைன்னா வென்னர்-கிரென் ஃபவுண்டேஷன முதல்ல பாருங்க. 1941ல வைக்கிங் ஃபண்டுன்னு ஆரம்பிச்சது, ரொம்ப வருஷமா உலகம் முழுக்க மானிடவியல் ஆராய்ச்சிக்குக் காசு குடுத்துட்டு இருக்காங்க. பிஎச்டி முடிச்சவங்களுக்கான அவங்க ரிசர்ச் கிராண்ட் 25,000 டாலர் வரைக்கும், எந்த நாட்டுக்காரங்களும் அப்ளை பண்ணலாம், யுனிவர்சிட்டி வேலைல இருக்கணும்னு கட்டாயம் இல்ல. வழக்கமா வருஷத்துக்கு ரெண்டு டெட்லைன், மே 1, நவம்பர் 1. ஆனா உங்க சம்பளத்துக்கோ நிறுவனத்தோட ஓவர்ஹெட்டுக்கோ, அதாவது நிர்வாகச் செலவுக்கோ, ஒரு பைசா தர மாட்டாங்க, ஆராய்ச்சிச் செலவுக்கு மட்டும்தான். உங்க வேலை சமூகவியலும் பொருளாதாரமும் கலந்ததா இருந்தாலும் பரவால்ல, ஆனா மானிடவியல்ல நடந்துக்கிட்டு இருக்கற விவாதத்துக்கு இது என்ன சேக்குதுன்னு தெளிவா சொல்லணும், அது இல்லாத ப்ரொபோசல் அங்க நிக்காது.

வன்முறை சம்பந்தப்பட்ட எதையாவது ஆராய்ச்சி பண்றீங்கன்னா, போர், குற்றம், குடும்ப வன்முறை, இனக்கலவரம் எதுவா இருந்தாலும் சரி, ஹாரி ஃப்ராங்க் குகன்ஹைம் ஃபவுண்டேஷன் பக்கம் போங்க. அவங்க டிஸ்டிங்விஷ்ட் ஸ்காலர் அவார்டுக்கு எந்த நாட்டுக்காரங்களும் விண்ணப்பிக்கலாம், யுனிவர்சிட்டில இருக்கணும்னு இல்ல, டிகிரி பத்தியும் எழுதப்பட்ட கண்டிஷன் கிடையாது, ஆனா வாங்குறவங்க கிட்டத்தட்ட எல்லாரும் பிஎச்டிக்காரங்கதான்ங்கறதயும் மனசுல வச்சுக்கணும். வழக்கமா வருஷத்துக்கு 15,000 டாலர்ல இருந்து 45,000 டாலர் வரைக்கும், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. இவங்களுக்கு எந்தத் துறைங்கறது முக்கியம் இல்ல, வன்முறைங்கற பிரச்சனை முக்கியம், அதனால துறை தாண்டின வேலைக்கு இது ரொம்பப் பொருத்தமான இடம். ஒரு பிரச்சனையச் சுத்தி அமைஞ்ச ஃபண்டர்ங்க எல்லாருமே நமக்கு நல்லவங்கதான், துறையச் சுத்தி அமைஞ்சவங்களவிட. தேடும்போது இத ஒரு வழிகாட்டியா வச்சுக்குங்க, சோஷியாலஜி கிராண்ட்னு தேடாம உங்க விஷயத்தோட பேர போட்டுத் தேடுங்க, கடன், தண்ணி, ஜெயில், முதுமை, இடப்பெயர்வு, எதுவா இருந்தாலும் அதோட பேர.

வரலாறு கலந்த வேலைன்னா ஜெர்மனில டுஸல்டார்ஃப்ல இருக்கற கெர்டா ஹென்கல் ஃபவுண்டேஷன், 1976ல தொடங்கினது, அவங்க ரிசர்ச் ஸ்காலர்ஷிப்ப தனி ஆளே நேரா கேக்கலாம். அமெரிக்கன் ஃபிலசாஃபிகல் சொசைட்டியோட ஃப்ராங்க்ளின் கிராண்ட் சின்னது, 6,000 டாலர் வரைக்கும், ஆனா அங்க ஒரு நல்ல விஷயம் என்னன்னா பிஎச்டி இல்லைன்னாலும் அதுக்குச் சமமான தரத்துல வெளியான எழுத்து இருந்தா ஏத்துக்கறாங்க. அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்க வாழறவங்களுக்கும்தான் அது, மத்தவங்கன்னா அந்த ஆராய்ச்சி அமெரிக்காவுல மட்டும்தான் பண்ண முடியும்னு காட்டணும். பிரிட்டன்ல வாழறவங்களுக்கு பிரிட்டிஷ் அகாடமியும் லெவர்ஹல்ம் ட்ரஸ்ட்டும் சேர்ந்து தர்ற ஸ்மால் ரிசர்ச் கிராண்ட், 10,000 பவுண்டு வரைக்கும், இதுல தனி ஆராய்ச்சியாளர்களும் வரலாம்னே எழுதியிருக்காங்க. ஆவணக்காப்பகத்துல உக்காந்து வேலை பாக்கணும்னா ராக்கஃபெல்லர் ஆர்க்கைவ் சென்டர் மாதிரி இடங்கள் பயணச் செலவுக்கு ஸ்டைபண்ட் தர்றாங்க, ஃபோர்டு ஃபவுண்டேஷனோட பழைய ஃபைல்களும் அங்கதான் இருக்கு, வளர்ச்சித் திட்டங்கள் பத்தி எழுதறவங்களுக்கு அது பெரிய சுரங்கம்.

துறை தாண்டின சமூக ஆராய்ச்சிக்குன்னே இருக்கற இடம்னா இண்டிபென்டன்ட் சோஷியல் ரிசர்ச் ஃபவுண்டேஷன். வழக்கமான ஃபண்டர்கள் தொடத் தயங்கற வேலைக்குத்தான் பணம் தருவோம்னு அவங்க வெளிப்படையா சொல்றாங்க, தனி ஆராய்ச்சியாளர்களுக்குன்னே ஃபெல்லோஷிப்பும் அறிவிச்சிருக்காங்க. ஆனா அது எல்லா வருஷமும் வரும்னு எதிர்பாக்காதீங்க, யாருக்குங்கற விதியும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் மாறும், அறிவிப்பு வந்ததும் அந்த வருஷத்து விதிய வரிக்கு வரி படிங்க. நான் மேல சொன்ன எல்லாத்துக்கும் இதேதான், போன வருஷம் யாரோ சொன்னத நம்பி எழுத ஆரம்பிக்காதீங்க.

இப்போ நிறுவனம் கட்டாயம்னு சொல்ற கிராண்ட்ங்களுக்கு வரேன், ஏன்னா பெரிய பணம் அங்கதான் இருக்கு. அந்தக் கதவு உங்களுக்கு மூடியே இருக்குன்னு நினைச்சுக்க வேண்டாம். ஐரோப்பிய ரிசர்ச் கவுன்சில், அதாவது ஈஆர்சி, அதுக்கு அப்ளை பண்ற ஆள் அன்னிக்கு எங்கயும் வேலைல இருக்கணும்னு அவசியம் இல்ல, கிராண்ட் கிடைச்சா உன்ன எடுத்துக்கறோம்னு ஒரு ஹோஸ்ட் நிறுவனம் லெட்டர் குடுத்தா போதும். பிஎச்டி முடிச்சவங்களுக்கு ஐரோப்பிய யூனியன் தர்ற மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா-க்யூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பும் இதே மாதிரி ஹோஸ்ட் வழியாதான். அதனால இங்க உங்க வேலை ஒரு ஹோஸ்ட்ட கண்டுபிடிக்கறது. யுனிவர்சிட்டி ஆஃபீஸுக்கு பொதுவா மெயில் போட்டு ஒண்ணும் நடக்காது, உங்க விஷயத்துல எழுதற ஒரு ப்ரொஃபசர், அவங்க கட்டுரைய நீங்க உண்மையாவே படிச்சிருக்கணும், அவங்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல போகாத குறிப்பு அனுப்புங்க, டெட்லைனுக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியே. என்ன கேள்வி, என்ன டேட்டா, எந்த ஸ்கீம், அவங்ககிட்ட இருந்து என்ன வேணும், இதெல்லாம் அந்த ஒரு பக்கத்துலயே இருக்கணும். இந்த கிராண்ட் வந்தா யுனிவர்சிட்டிக்கும் ஓவர்ஹெட்னு ஒரு பங்கு போகும், அதனால நீங்க தயங்கித் தயங்கி உதவி கேக்கற மாதிரி எழுத வேண்டாம், அவங்களுக்கும் இதுல லாபம் இருக்கு.

யுனிவர்சிட்டி இல்லாத இன்னொரு வழி, ஒரு என்ஜிஓவோ ட்ரஸ்ட்டோ அறிஞர்கள் சங்கமோ உங்க சார்பா பணத்த வாங்கி கணக்கு பாத்துத் தர்றது. ஃபிஸ்கல் ஸ்பான்சர்னு சொல்லுவாங்க. அவங்க ஒரு சதவீதம் எடுத்துப்பாங்க, அது எவ்வளவுன்னு முன்னாடியே பேசி பட்ஜெட்லயே ஒரு வரியா போட்டுடுங்க. வாய்ப்பேச்சோட நிறுத்தாம ஒரு ஒப்பந்தம் எழுதிக்குங்க, பணம் வந்த எத்தன நாள்ல உங்களுக்கு வரும், டேட்டா யாருக்குச் சொந்தம், அவங்களுக்குப் பிடிக்காத முடிவு வந்தா வெளியிட யாரு அனுமதி வேணும், இந்த மூணும் அதுல கண்டிப்பா இருக்கணும். கடைசி கேள்விக்கு யாரு அனுமதியும் வேண்டாம்ங்கற பதில் எழுத்துல வரலைன்னா அந்த ஏற்பாடே வேண்டாம்னு நான் சொல்லுவேன்.

அப்புறம் வெறும் அஃபிலியேஷன், அதாவது ஒரு நிறுவனத்தோட பேர் மட்டும் வேணும்னா, பணம் இல்லாத விசிட்டிங் ஃபெல்லோ பதவி பல ஆராய்ச்சி மையங்கள்ல கேட்டா கிடைக்கும், ஒரு மெயில் ஐடியும் லைப்ரரி அனுமதியும் வந்தாலே பாதி கஷ்டம் தீரும். அமெரிக்காவுல 1989ல தொடங்கின நேஷனல் கோயலிஷன் ஆஃப் இண்டிபென்டன்ட் ஸ்காலர்ஸ்ங்கற அமைப்பு தனி ஆராய்ச்சியாளர்களுக்காகவே இருக்கு, உறுப்பினர்களுக்கு சின்னச் சின்ன கிராண்டும் தர்றாங்க. கட்டுரை படிக்க வழி இல்லைன்னா ஜேஸ்டோர்ங்கற (JSTOR) ஆன்லைன் ஆய்விதழ்த் தொகுப்புல இலவச அக்கவுண்ட் போட்டு மாசம் 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம்.

இனி எழுதற விஷயம், இதுல கொஞ்சம் நிதானமா போகணும். துறை தாண்டின ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கறது கஷ்டம்னு நமக்குத் தோணறது வெறும் தோணல் இல்ல. ஆஸ்திரேலிய ரிசர்ச் கவுன்சிலுக்கு அஞ்சு வருஷத்துல வந்த 18,476 ப்ரொபோசல்கள வச்சு 2016ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல, எந்த அளவுக்கு ஒரு ப்ரொபோசல் தூரத்துத் துறைகள இணைக்குதோ அந்த அளவுக்கு அதுக்குப் பணம் கிடைக்கற வாய்ப்பு குறையுதுன்னு வந்தது. காரணம் ஊகிக்க முடியறதுதான். உங்க ப்ரொபோசல படிக்கறவங்க ரெண்டு மூணு பேர், ஒவ்வொருத்தரும் ஒரு துறைக்காரர். பொருளாதாரக்காரர் சாம்பிள் எங்கன்னு கேப்பார், மானிடவியல்காரர் இத்தன குறுகின காலம் ஃபீல்ட்ல இருந்து என்ன தெரிஞ்சுக்க முடியும்னு கேப்பார், வரலாற்றுக்காரர் ஆர்க்கைவ் எதுன்னு கேப்பார். மூணு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பதில் சொன்னா மூணு பேருக்கும் திருப்தி இருக்காது.

அதுக்கு நான் கண்ட வழி, துறைகளோட பேர முதல் பக்கத்துல அடுக்கறத நிறுத்தறது. சமூகவியல், உளவியல், பொருளாதாரம் மூணையும் இணைக்கும் ஆய்வுன்னு ஆரம்பிச்சா படிக்கறவருக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு கேள்வில ஆரம்பிங்க. உதாரணத்துக்கு, கடன்ல இருக்கற குடும்பங்கள் இலவச வைத்தியம் பக்கத்துலயே இருந்தும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறதத் தள்ளிப்போடறாங்க? இத படிச்ச உடனே யாருக்கும் பதில் தெரிஞ்சுக்கணும்னு தோணும். அடுத்த பத்தில, கடன் கணக்கு மட்டும் பாத்தா இதுக்கு விடை வராது, ஏன்னா வைத்தியம் இலவசம்தான், வேலைக்குப் போகாத ஒரு நாளோட கூலி எவ்வளவு, தவணை கட்டற தேதி எது, நோய்னு வெளிய தெரிஞ்சா அடுத்த கடன் கிடைக்குமா, இதெல்லாம் வீட்டுக்குள்ள உக்காந்து பேசினாதான் வெளிய வரும். அதே நேரம் வெறும் பேட்டி மட்டும் எடுத்தா இது எத்தன வீட்டுல நடக்குதுன்னு சொல்ல முடியாது, அதனால ஒரு சின்ன சர்வேயும் தவணை நோட்டுப் புத்தகங்களும் வேணும். இப்படி எழுதினா ரெண்டு துறை ஏன் தேவைங்கறத கேள்வியே சொல்லிடுது, நீங்க தனியா வாதாட வேண்டியதில்ல. ஒவ்வொரு முறைக்கும் அது எந்தப் பகுதிக் கேள்விக்கு பதில் தரும்னு ஒரு வரி, அத பண்ண உங்களுக்கு என்ன பயிற்சி இருக்குன்னு ஒரு வரி, பயிற்சி இல்லைன்னா யாரு உதவி பண்றாங்கன்னு ஒரு வரி. மூணு முறைல உங்களுக்கு ஒண்ணுதான் நல்லா வரும்னா மத்த ரெண்ட சின்னதா வச்சுக்குங்க, அதுல தப்பே இல்ல, எல்லாத்தையும் பெருசா பண்றேன்னு சொல்றதுதான் ரிவ்யூவருக்கு சந்தேகத்த கிளப்பும். கோட்பாட்டுக்காரங்க பேர பத்து பதினஞ்சு அடுக்கறதும் அப்படித்தான், உங்க கேள்விய உண்மையாவே மாத்தின ரெண்டு பேர் போதும்.

தனி ஆளுங்கறதால ரிவ்யூவர் மனசுல இன்னொரு கேள்வியும் ஓடும், இவங்க இத முடிப்பாங்களா? பக்கத்துல மேலதிகாரி இல்ல, டிபார்ட்மென்ட் இல்ல. அதுக்கு பதில் வார்த்தைல இல்ல, ஏற்கனவே செஞ்ச வேலைல இருக்கணும். ஒரு பைலட், அதாவது சின்ன முன்னோட்ட ஆய்வு, அஞ்சு பேட்டியா இருந்தாலும் சரி, அதுல என்ன கிடைச்சதுன்னு அரைப் பக்கம் எழுதுங்க, ஃபீல்டுக்குள்ள போக அனுமதி கிடைச்சாச்சுன்னா அந்த லெட்டர வைங்க. ஆராய்ச்சியாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) ஐடி இலவசம், போட்டுக்குங்க, எழுதின கட்டுரைகள் சோஷ்ஆர்க்கைவ் (SocArXiv) மாதிரி, இதழ்ல வர்றதுக்கு முன்னாடியே கட்டுரைய போடற ப்ரீப்ரிண்ட் தளத்துல இருந்தா லிங்க் குடுக்க முடியும். சின்ன கிராண்ட் ஒண்ணு வாங்கி முடிச்சு ரிப்போர்ட் குடுத்திருக்கீங்கன்னா அதவிட பெரிய சாட்சி இல்ல, அதனாலதான் முதல்ல 2,000 டாலரோ 5,000 டாலரோ தர்ற இடத்துக்குப் போங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்.

எதிக்ஸ் அனுமதி, அதாவது ஆய்வு யாருக்கும் கெடுதல் பண்ணாதுன்னு ஒரு கமிட்டி பாத்துத் தர்ற ஒப்புதல், தனி ஆளுக்குப் பெரிய முட்டுக்கட்டை. யுனிவர்சிட்டில கமிட்டி இருக்கும், உங்களுக்கு இல்ல. பார்ட்னரா இருக்கற நிறுவனத்தோட கமிட்டி வழியா போக முடியுமான்னு கேளுங்க, காசு வாங்கிட்டு பாத்துத் தர்ற தனியார் கமிட்டிகளும் சில நாடுகள்ல இருக்கு, அப்படின்னா அந்தக் கட்டணத்த பட்ஜெட்ல போடுங்க. ரெண்டும் முடியலைன்னா ஃபண்டர்கிட்டயே முன்கூட்டி மெயில் போட்டு உங்க விதி என்னன்னு கேட்டுடுங்க. எப்படி இருந்தாலும், பேட்டி குடுக்கறவங்க சம்மதம் எப்படி வாங்குவீங்க, பேர எப்படி மறைப்பீங்க, ரெக்கார்டிங் எங்க இருக்கும், எப்போ அழிப்பீங்க, ஒருத்தர் பாதில வேண்டாம்னா என்ன பண்ணுவீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதி வைங்க. இது ஃபண்டருக்காக மட்டும் இல்ல, நம்மள நம்பி வீட்டுக்குள்ள விட்டவங்களுக்கு நாம கடமைப்பட்டிருக்கோம்.

பட்ஜெட்ல தனி ஆராய்ச்சியாளர்கள் வழக்கமா தன்னோட உழைப்புக்கு ஜீரோ போட்டுடறாங்க. சம்பளம் தர மாட்டோம்னு விதி இருந்தா சரி, இல்லைன்னா கேளுங்க, கேக்கறது தப்பே இல்ல. பேட்டிய எழுத்துல எடுக்கறதுக்கு ஒரு மணி நேர ரெக்கார்டிங்குக்கு நாலஞ்சு மணி நேரம் சுலபமா ஓடிடும், மொழிபெயர்ப்பு தனி, பேட்டி குடுக்கறவங்களோட நேரத்துக்கு ஏதாவது தரணும்னா அது தனி, இன்சூரன்ஸ், ஹார்ட் டிஸ்க், வங்கிக் கட்டணம், டாலர் ரேட் ஏறி இறங்கறது, எல்லாத்துக்கும் ஒரு வரி வேணும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல கணக்கு காட்டுங்க, பயணம் இவ்வளவுன்னு மொத்தமா போடாம எத்தன தடவ, ஒரு தடவைக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் போடுங்க. உங்க பேருக்கு வர்ற பணத்துக்கு வரி உண்டான்னும் வெளிநாட்டுப் பணம் வாங்க உங்க நாட்டுல என்ன விதின்னும் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுடணும். அமெரிக்க ஃபண்டர்னா வெளிநாட்டுக்காரங்ககிட்ட பொதுவா டபிள்யூ-8பென்னுங்கற ஃபார்ம் கேப்பாங்க, அத நிரப்பறது பெரிய வேலை இல்ல.

ரெஃபரென்ஸ் லெட்டர் குடுக்கறவங்களுக்கு குறைஞ்சது ஒரு மாசம் டைம் குடுங்க, ப்ரொபோசலோட டிராஃப்ட்டையும் ஃபண்டர் என்ன எதிர்பாக்கறாங்கங்கறதயும் சேர்த்து அனுப்புங்க. உங்க பழைய கைடு மட்டும் போதாது, நீங்க வெளிய வந்த அப்புறம் செஞ்ச வேலையப் பாத்தவங்க ஒருத்தராவது இருக்கணும்.

முடிவு வர ஆறு மாசம் சாதாரணமா ஆகும், அதனால ஒரே இடத்துக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்காதீங்க. ஒரே செலவுக்கு ரெண்டு இடத்துல பணம் வாங்கக் கூடாது, ஆனா ரெண்டு இடத்துல கேக்கலாம், கேட்டிருக்கேன்னு ஃபார்ம்ல சொல்லிட்டா போதும். கிடைக்கலைன்னா ரிவ்யூவர் கமென்ட் தருவாங்களான்னு கேளுங்க. வென்னர்-கிரென் மாதிரி இடங்கள்ல திருத்தி மறுபடி அனுப்பலாம், அப்போ போன தடவ சொன்ன குறைகளுக்கு என்ன பண்ணீங்கன்னு எழுதணும். பிரிட்டிஷ் அகாடமி 2022ல இருந்து அந்த ஸ்மால் கிராண்ட்ல தரம் தாண்டின ப்ரொபோசல்களுக்குள்ள குலுக்கல் முறைல தேர்ந்தெடுக்கறத சோதிச்சுப் பாத்தாங்க, நல்ல ப்ரொபோசல் எல்லாத்துக்கும் பணம் இல்லங்கறத அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான் அது. ஒரு தடவ வரலைங்கறதுக்காக கேள்விய தூக்கிப் போட்டுடாதீங்க. அப்ளிகேஷன் ஃபீஸ்னு பெரிய தொகை கேக்கற ஃபெல்லோஷிப்ங்க பக்கம் மட்டும் போகவே போகாதீங்க.

பணம் வந்துடுச்சுன்னா முதல் நாளே தனி பேங்க் அக்கவுண்ட் திறந்து ரசீத அன்னன்னிக்கே ஃபோட்டோ எடுத்து வைங்க. ஃபீல்ட்ல போனா திட்டம் மாறும், அது நிச்சயம், மாறினா ஃபண்டருக்கு உடனே எழுதுங்க. பட்ஜெட்ல ஒரு தலைப்புல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தறதுக்கும் கூடுதல் பணம் இல்லாம காலக்கெடு நீட்டிக்கறதுக்கும் முன்னாடியே கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க, செலவு பண்ணிட்டு அப்புறம் சொன்னாதான் சிக்கல்.